பழக்காட்டில் பதில் சொல்வதில்லை

“அப்பா!” என்று இர்மெலி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாள். பைன் மரங்களுக்குள் போன குரலுக்குப் பதில் இல்லை.

“காது கேக்கலையோ?” என்றாள் தம்பி மனைவி பிர்க்கோ. ஹெல்சிங்கியில் வளர்ந்தவள். அவளுடைய வாளியில் நீலப்பழத்தைவிட இலைதான் அதிகம்.

அவள் கணவன் ரெய்யோ சிரித்தான். “நல்லாவே கேக்கும். யாருக்கும் காட்டாத அவரோட பழ இடத்துக்குப் போயிட்டாருன்னு அர்த்தம். பதில் சொன்னா நீ வாளியத் தூக்கிட்டு அங்க வந்து நிப்பியே!”

“நான் என்ன திருடியா? இந்த வீட்டு மருமக.”

“எங்கம்மாவுக்கே சாகற வரைக்கும் காட்டல. மருமகளுக்கா காட்டப் போறாரு?”

இர்மெலிக்கு மட்டும் ஒருமுறை காட்டியிருந்தார். அப்போது அவளுக்கு ஏழு வயது. தூரத்திலிருந்து அம்மா கூப்பிட, அவள் அங்கிருந்தே “இங்க இருக்கேன்!” என்று கத்திவிட்டாள். குரலைப் பிடித்துக்கொண்டு வேறொரு குடும்பம் வந்து சேர்ந்தது. அப்பா திட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு ஒருபோதும் கூட்டிப்போகவும் இல்லை. ஆனால் வழி அவளுக்கு மறக்கவில்லை. சதுப்பைத் தாண்டி, மேட்டில், பிளந்த பாறை.

இன்று காலையில் அவர் காப்பிக் கோப்பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றியதைப் பார்த்தாள். “என்னப்பா?” என்றதற்கு, “வயசு எழுபத்தாறு” என்றார். வீட்டிலேயே இருங்கள் என்று, பழம் பழுக்கும் ஆகஸ்ட் மாதத்தில் அவரிடம் யார் சொல்வது?

மூவரும் பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடித்தார்கள்.

“எனக்குப் பயமா இருக்கு. ஒரு மணி நேரமாச்சு. யாராவது போய்ப் பாருங்களேன்” என்றாள் பிர்க்கோ.

“எங்கன்னு போறது? வாளி நிறைஞ்சா தானா வருவாரு. இப்பப் போய் நின்னோம்னா குளிர்காலம் முடியற வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு.”

இர்மெலி கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது கேட்டது. சதுப்புப் பக்கமிருந்து, தகர வாளியைத் தட்டும் சத்தம். இரண்டு முறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. இலையைத் தட்டி உதறுகிறார் என்று நினைத்தாள். தோள்கள் தளர்ந்தன. மற்ற இருவரும் பேச்சில் இருந்தார்கள். சொன்னால் பிர்க்கோ உடனே திசையைக் கேட்பாள்.

“இன்னும் கொஞ்சம் பாப்போம்” என்றாள்.

பிறகு எந்தச் சத்தமும் இல்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. நிறைந்த வாளி அப்படிக் கணீரென்று ஒலிக்காது. ஒரு மணி நேரத்தில் அவருடைய வாளி நிறைந்திருக்க வேண்டும்.

“எங்க போற?” என்று ரெய்யோ கேட்டான். அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

அவர் அந்தப் பிளந்த பாறையில் சாய்ந்து கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடை மார்பில் கிடந்தது. பழம் வாரும் சீப்புக் கரண்டியின் பற்களில் ஒரு செடி இன்னும் சிக்கியிருந்தது. வாளியில் அடித்தகரம் தெரிந்தது. இர்மெலி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தைத் தொட்டாள். மீண்டும் மணிக்கட்டைப் பிடித்தாள். பின் எழுந்து நின்று, “இங்க! இங்க இருக்கோம்! இங்க வாங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பண்ணை வீடு ஒன்றுக்குப் போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு ரெய்யோ திரும்பினான். ஆம்புலன்ஸ்காரர்கள் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை பிர்க்கோ மாமனாரின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த பைன் ஊசியிலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ரெய்யோ மேட்டைச் சுற்றிப் பார்த்தான். கண்ணுக்கெட்டிய வரை செடிகள் பழத்தால் கறுத்திருந்தன.

“இவ்வளவா?” என்றான். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா? கூப்பிட்டாரா?”

“கூப்பிடல” என்றாள் இர்மெலி.

வந்தவர்கள் இருவர். தூக்குப்படுக்கையின் பட்டையை ஒருவர் இறுக்கிக்கொண்டிருக்க, தலைமாட்டில் நின்ற நரைத்த ஆள் குனிந்து, கை போன போக்கில் நாலைந்து பழங்களைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்த ஊரில் யாருடைய கையும் அதைத்தான் செய்யும். நிமிர்ந்தபோது இர்மெலி பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயை இறுக மூடியபடி கைப்பிடியைத் தூக்கினார்.