மரியாதைக்கு ஒரு ‘ங்க’

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் பானுப்பிரியாவுக்கு வீட்டில் தெலுங்குதான். எத்தனையோ தலைமுறையாகத் தமிழர்களுக்கு நடுவே இருந்தும் அவள் வீட்டார் அதை விடவில்லை. நெல்லூர் சரோஜினி தன் மகன் சுதாகருக்கு அவளைப் பார்க்க வந்ததும் அதனால்தான். தெலுங்கு பேசும் மருமகள் வேண்டும் அந்த அம்மாளுக்கு. சிவகாசியில் அச்சு மிஷின் ஓட்டும் சுதாகரோ பானுவிடம் முன்பே மனதைக் கொடுத்துவிட்டவன்.

வாசலில் ஆட்டோ நின்றதும் பானு கைகூப்பினாள்.

“ராங்க அத்தா, கூச்சோங்க.”

சரோஜினி செருப்பைக் கழற்றாமலே நின்றாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாருங்கள், உட்காருங்கள் என்பதற்கு அவர்கள் பக்கம் ‘ரண்டி, கூர்ச்சோண்டி’ என்பார்கள். இந்தப் பெண் தெலுங்குச் சொல்லுக்குத் தமிழ் வாலை ஒட்டிவிட்டாளே!

பானுவுக்கு முகம் சுண்டிப்போனது. “தமிழ்லயே பேசிரு தாயி,” என்று அண்ணன் பிரபாகரன் காதோடு சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் உறைத்தது.

“நான் எதுக்கு மாத்திப் பேசணும்?” என்று தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தாள். “அத்தா, எங்க வீட்டுத் தெலுங்குல மரியாதைன்னா ‘ங்க’தான். அக்கம்பக்கத்துல கேட்டுக் கேட்டு நாக்குல ஒட்டிக்கிருச்சு. உங்க ‘அண்டி’ எங்களுக்கு வராது. இங்கன அண்டின்னா பாயசத்துல போடுற முந்திரிப்பருப்பு.”

கூடவே வந்திருந்த சுதாகருக்குச் சிரித்ததில் புரையேறியது. சரோஜினி அவன் தலையில் தட்டியபடியே பானுவைப் பார்த்தாள்.

“என் மூத்த மருமக சுத்தமான தெலுங்குக்காரி. என்கிட்ட ‘அண்டி’யும் போட மாட்டா, ஒரு மண்ணும் போட மாட்டா. ‘இந்தா, இங்க வா’தான். எந்த ஊரு வாலா இருந்தா என்ன, எனக்கு ஒண்ணு கிடைச்சுதே!”

அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

கல்யாணம் முடிந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் தீர்த்து, சரோஜினி மகன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். தீபாவளி சீசனில் பானு வேலைக்குப் போய்விட, காய்கறி வாங்குவது மாமியார் பொறுப்பு. தள்ளுவண்டிக்காரி பாலம்மாளுக்குத் தெலுங்கில் ஒரு எழுத்து தெரியாது.

“கத்தரிக்கா எம்புட்டண்டி?” என்றாள் சரோஜினி, புதிதாகக் கற்ற தமிழில் தன் ஊர் வாலை ஒட்டி.

பாலம்மாளுக்கு அந்த ராகம் பிடித்துப்போனது. மறுநாள் தெருமுனையிலிருந்தே அவள் குரல் கேட்டது: “பச்சக் கத்தரிக்கா வந்திருக்கு, வாங்கண்டி!”

கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பானு, ‘ங்க’வோடு ‘அண்டி’யும் சேர்ந்து காதில் விழவும், சடைப்பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.