இல்லாத மூட்டை

“கையை இறக்கு எண்டு எத்தனை தரம் சொல்றது?”

“இறக்கித்தானே இருக்கு, மச்சான்.”

“எங்க இறங்கியிருக்கு? காதுக்குப் பக்கத்தில நிக்குது. நீயே பார்.”

ஜவாஹிர் தன் இடது கையைப் பார்த்தான். உண்மைதான். அது தோளுக்கு மேலே விரல்களை மடக்கி, இல்லாத ஒரு மூட்டையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்தோபருக்குத் தன் சைக்கிளைத் தூக்கி உவர்மலைச் சரிவில் எறியலாம் போலிருந்தது. மூன்று கிழமையாக இதே கூத்து. அவன் துறைமுகக் களஞ்சியத்தில் கணக்கெழுதுகிற இலிகிதர். ஜவாஹிர் அங்கேயே நாட்கூலிக்கு அரிசி மூட்டை சுமப்பவன். வேலை விட்டதும் இருவரும் ஏற்றத்தடிக்கு வந்துவிடுவார்கள். சனிக்கிழமை துறைமுகத் தொழிலாளர் ஓட்டப்போட்டி, துறைமுக வாசல் கேற்றிலிருந்து உவர்மலை உச்சி வரை. முதல் மூன்று பேருக்குள் வருகிற நாட்கூலியை ஓட்ட அணியில் சேர்த்து, வேலையையும் நிரந்தரமாக்குவதாக மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். ஏழு வருஷமாகக் காலையில் ‘இண்டைக்கு ஆள் வேணுமா’ என்று கேற்றில் காத்து நிற்கிற ஜவாஹிருக்கு அதைவிட வேறு கனவு கிடையாது.

சமதரையில் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஏற்றம் தொடங்கினால்தான் அந்த உடம்புக்கு, மூட்டையோடு ஏறுகிற, லொறியில் சாத்திய பலகை ஞாபகம் வந்துவிடும். இடுப்பில் முறிந்து குனிவான். கண் கால் பெருவிரலுக்குப் போகும். கை தோளுக்குப் போகும். மூச்சு நெஞ்சுக்குள் அடைத்து, வளைவிலுள்ள வேப்பமரத்தடியில் நின்றுவிடுவான்.

“குனியாத. கணுக்காலில இருந்து முழு உடம்பையும் கொஞ்சம் முன்னுக்குச் சாய். அடியைக் கிட்டக் கிட்ட வை. பத்து யார் தூரம் முன்னுக்குப் பார். ரெண்டு கையும் இடுப்புக்குப் பக்கத்தில ஆடவேணும். விளங்குதோ?”

“விளங்குது. நேத்தும் விளங்கினதுதானே.”

“விளங்கி என்ன? கையில பிடிச்சு ஓடக் கல்லுத் தந்தன். கல்லையும் தோளில வச்சுக்கொண்டு ஓடினாய்!”

“பாரமெண்டா தோளுக்குத்தானே போகும்.”

கிறிஸ்தோபர் நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து ஓட்ட விதிகளை எழுதி வைத்திருந்த கொப்பியைச் சைக்கிள் கரியரில் திணித்தான். வந்த ஆத்திரத்தில், ஜவாஹிருக்கு முன்னால் தானே ஏற்றத்தில் ஓடத் தொடங்கினான். பின்னால் கேட்ட காலடி முதலில் தடுமாறியது. பிறகு அவனுடைய காலடியோடு ஒட்டிக்கொண்டது. வளைவு வந்தது. வேப்பமரம் பின்னால் போயிற்று. திரும்பிப் பார்த்தால், நிமிர்ந்த முகம், கீழே ஆடுகிற இரண்டு கைகள்.

உச்சியில் கிறிஸ்தோபர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். போன வருஷம் பந்தடி விளையாட்டில் உடைந்த முழங்கால். ஓடவே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“இதைத்தானேடா மூண்டு கிழமையா கத்துறன்! இப்ப மட்டும் எப்படி வந்தது?”

“பலகையில முன்னுக்கு ஒராள் போனா, அவர்ர முதுகைப் பாத்துத்தான் ஏறுற. தனிய ஏறினாத்தான் காலைப் பாக்குற.”

“இதை முதல் நாளே சொல்லித் துலைச்சிருக்கலாமே!”

“நீ எங்க கேட்ட? கொப்பியைத்தானே பாத்த.”

“சரி, சனிக்கிழமை முன்னுக்கு முப்பது பேர் ஓடுவாங்கள். அவங்கட முதுகைப் பார்.”

“அவங்க தொடங்கின உடனே பாய்ஞ்சு, வளைவில நிண்டுருவாங்க, மச்சான். நானும் நிண்டுருவன்.”

ஜவாஹிர் அவனருகில் குந்தினான். வீங்கத் தொடங்கியிருந்த முழங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கீழே தெரிந்த துறைமுகக் கேற்றைப் பார்த்தான்.

“இலிகிதர்மாரும் ஓடலாமாம். சனிக்கிழமை எனக்கு முன்னால ஓடுறியா, மச்சான்? வேப்பமரம் தாண்டினாப் போதும்.”