உது எத்தினை பாகம்?

1.

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து திருடியது. கட்டுரையை எழுதியவனும் நானே என்பதால் வழக்கு வராது. கதைக்குள் அந்த வேலையைப் பஸ்ரியன் என்பவரின் தலையில் கட்டியிருக்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் திருவிழா மலருக்கு ‘மோல்டா: நிலமும் வளமும்’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கப்பல் உடைந்து புனிதர் ஒருவர் கரையேறிய தீவல்லவா, நாலு பேர் அறியட்டும் என்றார்கள்.

2.

முதல் தொடக்கம்: ‘மத்தியதரைக் கடலின் நீல மடியில் முத்தெனத் துயிலும்...’

(வேண்டாம். பஸ்ரியன் பிக்கரிங்கிலிருந்து ரொறொன்ரோவுக்கு ரயிலில் போய்வருகிற கணக்காளர். அவருக்குத் துயில நேரமில்லை.)

இரண்டாவது, அவருடையது: ‘மோல்டாவில் ஆறில்லை. சொல்லத்தக்க மலையில்லை. காடும் இல்லை. உள்ளது சுண்ணாம்புக்கல். மழைநீர் கல்லுக்குள் இறங்கிக் கடல்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும். இயற்கை வளமென்று கல்லையும் உப்பையும் சொல்லலாம்.’

யாழ்ப்பாணமும் இதே கல்லும் இதே தண்ணீரும்தான்; அங்கே பிறந்த பஸ்ரியனுக்கு இதில் புதினம் ஒன்றுமில்லை. எழுத எழுத அவருக்குப் பிடித்துப்போய்க் கடலுக்கும் ஒரு வரி ஒதுக்கினார்: ‘இத்தீவுக்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள கடல் ஆழம் குறைந்தது.’

அந்த வரிதான் வினையாகப் போயிற்று.

3.

மலரைத் தட்டச்சு செய்பவர் மல்வேர்னில் இருக்கும் எமில்டா. பேசாலையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். (அவரிடம் தட்டச்சைக் கொடுத்தது என் வசதிக்கு. பொறுத்துக்கொள்ளுங்கள்.) அவருடைய தம்பி அன்ட்ரூ, இத்தாலிக்குப் போகவென்று மோல்டாவில் வள்ளம் ஏறியவன். சிசிலிக் கரையைத் தொடுமுன் வள்ளம் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. அது அடியில்லாத கடல், யாராலும் எடுத்திருக்க முடியாது என்றுதான் எமில்டா இத்தனை வருடமும் மனதைத் தேற்றி வைத்திருந்தார்.

கடல் பற்றிய வரிக்கு வந்ததும் போன் எடுத்தார். பஸ்ரியன் ரயிலில் நெரிபட்டுக்கொண்டு நின்றார்.

“அண்ணை, நீங்கள் எழுதினதைத்தான் இப்ப ரைப் பண்ணுறன். உது எத்தினை பாகம்?”

“ஒண்டுதான்.”

“ஒரு பாகமோ?”

“ஓம் தங்கச்சி. கனக்க இல்லை.”

“அப்ப அவன் எழும்பி நிண்டிருக்கலாமே,” என்றார் எமில்டா. போன் வைக்கப்பட்டது.

4.

பஸ்ரியன் வீட்டுக்கு வந்து மனைவி மரியம்மாவிடம் சொன்னார்: “எமில்டா என்னவோ எழும்பி நிக்கிற கதை கதைக்கிறா. தொடர் கட்டுரை இல்லை, ஒரு பாகம்தான் எண்டு சொன்னனான்.”

மரியம்மா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவர். அடுப்பை நிற்பாட்டிவிட்டு இரண்டு கைகளையும் அகல விரித்தார்.

“இதப்பா ஒரு பாகம், ஒரு ஆள் உயரம். கடலுக்குப் போறாக்கள் ஆழத்தை உப்பிடித்தான் அளக்கிறவை. எமில்டான்ர தம்பி அந்தக் கடலிலயெல்லோ போனவன். என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்!”

[அடிக்குறிப்பு: புத்தகத்துக்கும் பாகம், கடலுக்கும் பாகம். அகராதியில் இரண்டும் சண்டையில்லாமல் கிடக்கின்றன.]

பஸ்ரியன் அந்தக் கடலின் ஆழத்தைத் தேடி எடுத்தார். மீற்றரைப் பாகமாக்கிப் பார்த்தார். ஒருவரும் எழும்பி நிற்கக்கூடிய ஆழமில்லை. அதைச் சொன்னால் ஒரு பாரம் இறங்கும். ஆனால் இழுவை வலைகள் அடியைத் தொட்டு வாரக்கூடிய ஆழம். எமில்டாவுக்குப் பாகக் கணக்கை மட்டும் சொன்னால் போதும், வலையை அவரே நினைத்துக்கொள்வார்.

5.

முடிவு (அ): “அம்பது, அறுவது பாகம் வரும், தங்கச்சி,” என்று உண்மையைச் சொல்கிறார். எமில்டாவின் மனதிலிருந்து, எழும்பி நிற்காத தம்பி போய்விடுகிறான். பதிலுக்கு வருகிறவன், எந்த வலையிலும் அகப்படாமல் அல்லது அகப்பட்டும் கரைக்குக் கொண்டுவரப்படாமல்...

(மேலே எழுத முடியவில்லை.)

முடிவு (ஆ): “நான் பிழையா எழுதிப்போட்டன். அதுக்கு அடியே இல்லை,” என்கிறார். எமில்டா அந்த வரியை அழிக்கிறார். அன்றிரவு நித்திரை கொள்கிறார். மலரில் கடல் பற்றி ஒன்றுமே...

(கட்டுரைக்காரனான எனக்கு இது பொறுக்கவில்லை. கதைக்காரனான எனக்கு இதுதான் ஆசை.)

முடிவு (இ): பஸ்ரியன் போன் எடுக்கவேயில்லை. இதை எழுத மாட்டேன். அவர் பயந்தவர்தான், அவ்வளவு கெட்டவரில்லை.

சொல்லப்போனால், இலக்கத்தை அழுத்திவிட்டார். எனக்கும் அவருக்கும் வாய் வரவில்லை என்பதால் போன் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எமில்டா எடுத்துவிட்டார். அழுது முடித்த குரல்.

“சொல்லுங்கோ,” என்கிறார். “லைனில நிக்கிறன்.”