நெகட்டிவ்தான் இருக்கிறதே

பூமிநாதனின் ஸ்டுடியோவில் ஒரு குளம் இருந்தது. பின்னால் தொங்கிய படுதாவில், அல்லியும் அன்னமுமாகக் கரை தளும்ப வரைந்த குளம். எழுபதுகளின் அந்த வறட்சியில் அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே வற்றாத குளம் அது ஒன்றுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்ட பெண்ணுக்கு அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி ஏறிவிடும் என்று சொன்னதும் அதே ஊர்தான். திருச்சுழி, ரெட்டியபட்டி என்று நாலா பக்கமிருந்தும் வயசுப் பெண்களைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார்கள்.

எல்லாம் அந்த நீள லென்ஸ் செய்த வேலை. மதுரையில் ஒரு ஸ்டுடியோவை இழுத்து மூடியபோது பேரம் பேசி வாங்கிவந்தது. அதற்கு முன்னால் அவனிடம் இருந்தது சின்ன லென்ஸ். முகம் பெரிதாக விழ வேண்டுமென்றால் காமிராவை ஆளுக்கு மிகக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும். கிட்டப் போனால் மூக்கு முன்னால் துருத்திக்கொண்டு வரும், காது இரண்டும் பின்னால் ஒளிந்துகொள்ளும். நீள லென்ஸுக்குத் தள்ளி நிற்க வேண்டும். அதற்காகவே கடையின் பின்சுவரை இடித்து, காமிரா முக்காலியைக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தினான். இவ்வளவும் செய்தவனுக்கு வீட்டில் ஒரு தங்கச்சி இருப்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தத் தங்கச்சி பேச்சியை அவன் படம் எடுத்தது சின்ன லென்ஸ் காலத்தில். அந்தப் படம்தான் ஜாதகத்தோடு ஊர் ஊராகப் போயிற்று, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். புதுசாக ஒரு போட்டோ எடுத்துக் குடேன்டா என்று அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். “நெகட்டிவ்தான் இருக்கேம்மா, காப்பி போட்டாப் போதும்” என்பான். காப்பியும் போட்டுக் கொடுப்பான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அந்த நினைப்போ என்னவோ.

அவன் கழுவி எடுத்துவரும் படங்களை ஓரம் வெட்டி அடுக்கித் தருகிறவள் பேச்சிதான். கல்யாணமாகிப் போன அத்தனை பெண்களின் முகமும் அவள் கை வழியாகத்தான் போனது. அவள் ஒரு நாளும் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. கேட்காததால் அவனுக்கு வசதியாகப் போயிற்று.

அன்றைக்கு உச்சி வேளை. தரகர் நல்லகண்ணு வந்து, பேச்சியின் படத்தை மேசைமேல் வைத்துவிட்டு, இதுவும் அமையவில்லை என்று முகத்தைப் பாராமல் சொல்லிவிட்டுப் போனார். பூமிநாதன் அதை எடுத்து உள்ளே வைப்பதற்குள் திருச்சுழியிலிருந்து பிச்சையம்மாள் என்ற அம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகளுக்கு மூக்கு கொஞ்சம் எடுப்பு. தாய்க்கு அதுவே பெரிய கவலை.

பூமிநாதன் தன் பிரசங்கத்தை ஆரம்பித்தான். நீள லென்ஸைத் துணியால் துடைத்துக் காட்டி, தள்ளி நின்று பார்த்தால் முகத்தில் எல்லாம் அதது இடத்தில் நிற்கும் என்றான். பிச்சையம்மாள் கேட்டுக்கொண்டே மேசையில் கிடந்த படத்தைக் கையில் எடுத்தாள்.

“இந்தா, இந்தப் புள்ளைக்கு விழுந்த மாதிரி எம்மகளுக்கும் விழுந்திராதே? மூக்கு மட்டும்ல தெரியுது.”

அது தன் தங்கை என்று சொல்ல அவனுக்கு ஒரு வார்த்தை போதும். கடையின் பெயர் போய்விடுமே என்ற பயம் அந்த வார்த்தையை முந்திக்கொண்டது.

“அது சின்ன லென்ஸும்மா. தொழில் தெரியாத பய எவனோ கிட்டத்துல வச்சு எடுத்திருக்கான். நம்ம கடைப் படம் இல்ல.”

சொல்லி முடித்துத் திரும்பினான். வாசலில் தூக்குச்சட்டியோடு பேச்சி நின்றாள். எப்போது வந்தாளோ தெரியவில்லை, கேட்டுவிட்டாள் என்பது மட்டும் தெரிந்தது. பிச்சையம்மாளும் அவளைப் பார்த்தாள். ஒரு கையில் பேச்சியின் படம். எதிரே பேச்சி. இரண்டும் ஒரே ஆள் என்று அந்த அம்மாளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

“நீயும் போட்டோவுக்கா வந்திருக்க தாயி? ஒனக்கென்ன, களையான மொகம். எந்த லென்ஸுல எடுத்தாலும் நல்லா விழும்.”

“இல்லம்மா. கடைக்குச் சாப்பாடு கொண்டாந்தேன்” என்றாள் பேச்சி. அவன் தங்கை என்று அவளும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணனுக்குத் தலைகுனிவு. அது புரிந்தபோது பூமிநாதனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பெரிய மனுசனாக ஊரெல்லாம் மதிக்க நின்றவன், அந்த இடத்தில் புழுவாகிப் போனான்.

திருச்சுழிப் பெண்ணைப் படம் எடுத்து அனுப்பும்வரை பேச்சி ஓரமாக நின்றாள். காலித் தூக்குச்சட்டியை அவள்தானே எடுத்துப் போக வேண்டும். அவர்கள் படியிறங்கிய பிறகும் அவன் சோற்றைத் தொடவில்லை.

“உக்காரு பேச்சி. ஒரு படம் எடுத்துருவோம்.”

அவள் மறுக்காமல் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பவுடர் கேட்கவில்லை, கண்ணாடி கேட்கவில்லை, முந்தானையை மட்டும் சரி செய்துகொண்டாள். அவன் கொல்லைக்குப் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான். அசையாமல் இரு என்று அங்கிருந்தே சொன்னான். காமிராவின் பின்கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தெரிந்தாள். பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நேர்தான். அம்மாவின் மூக்கு, அம்மாவின் நெற்றி. எல்லாம் அதது இடத்தில் அமரிக்கையாக இருந்தன.

“எனக்குக் கண்ணாடி பாக்கையில மூக்கு அப்படித் தெரியாதுண்ணே” என்றாள் பேச்சி, உதடு அதிகம் அசையாமல். “ஆனா படம் எடுத்தது நீங்களாச்சே. தப்பா எடுத்திருப்பீகளா? கண்ணாடிதான் பொய் சொல்லுதுன்னு பாக்குறதையே விட்டுட்டேன்.”

லென்ஸ் எப்போது வந்தது என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை. அதற்கு ஏதாவது பொய் சொல்லியிருப்பான். அவள் கேட்கவில்லை. ஓரம் வெட்டிய கைக்கு அது எப்போது வந்தது என்று தெரியாதா?

துணிக்குள் புழுக்கமாக இருந்தது. கண்ணீரில் பின்கண்ணாடி கலங்கித் தெரிந்தது. வெளியே தலையை எடுத்தால் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். வெளிச்சம் பத்தவில்லை, கொஞ்சம் பொறு என்றான். கொல்லையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

பேச்சி பொறுத்தாள். அந்தப் படுதாக் குளத்தின் கரையில், கையை மடியில் வைத்தபடி, அவன் சொன்னதற்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்துத்தான் மெதுவாகக் கேட்டாள்.

“இன்னும் அசையாம இருக்கணுமாண்ணே?”