பன்னிரண்டு நிமிடம்

கரண்டியில் இருந்த தண்ணீரில் பாதி, படுக்கையில் கிடந்த மனைவியின் கழுத்தில் வழிந்தது. அவர் துண்டால் ஒற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம் கேட்டது. நீரேற்று நிலையத்தில் வேலை பார்ப்பவர், எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்றார்.

"அக்கா, மன்னிச்சிருங்க. போர்டுக்கு உயிரே வரல. காலையிலேர்ந்து மோட்டார் ஓடல. ஊர் முழுக்க போன் பண்ணுது."

மோட்டாரை இயக்கும் அந்த போர்டை உருவாக்கியவள் அவள்தான். உள்ளங்கை அளவு இருக்கும். அதுவே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்; அதை ஓட்ட ஒரு லினக்ஸ், அது இருக்க ஒரு மெமரி கார்டு.

"வினாடிக்கு வினாடி கணக்கு எழுதணும்னு யாரோ மாத்திவிட்டிருக்காங்க." அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எழுதி எழுதியே கார்டு தேஞ்சு போச்சு. தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டா? என்னங்க, இழுப்பறையில புது கார்டு இருக்கு. அதுல எல்லாத்தையும் மறுபடி ஏத்தணும், நான் சொல்றத எழுதிக்குங்க."

அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் அவள் சொன்ன எழுத்துகளைக் குறித்துக்கொண்டு அங்கே போனார், கார்டைச் செருகி அடித்தார், திரும்பி வந்தார்.

"கார்டு பேருக்குக் கடைசியில என்ன எழுத்து காட்டுது? பி-யா, சி-யா?"

"பார்க்கலையே."

"பாருங்க. மாத்திப் போட்டீங்கன்னா கார்டுக்குப் பதிலா கம்ப்யூட்டரே காலி."

மறுபடி போய்ப் பார்த்து, "சி" என்று அங்கிருந்தே கத்தினார். அவள் சொன்ன பதில் காதில் விழவில்லை. திரும்ப வந்து வாயருகே குனிந்தார்.

"சி-ன்னே போடுங்க. பன்னெண்டு நிமிஷம் ஆகும். லைட் நின்னாலும் உடனே பிடுங்காதீங்க. மிச்சமும் பதியறதுக்கு சிங்க்-னு அடிச்சு, அது முடிஞ்சப்புறம் எடுங்க. போர்டுல போட்டப்புறம் இதுல எதுவும் எழுத முடியாது, படிக்க மட்டுந்தான். அதனால தாங்கும்."

கூடத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. நெட்டை வாசலில் யாரிடமோ போனில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே அவளிடம் போயிருக்கலாம், பத்தடிதான். அவர் போகவில்லை. ஐந்து மாதத்தில் முதல் முறையாக, சும்மா உட்கார்ந்திருப்பதே வேலையாக ஒரு வேலை கிடைத்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆனால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தார்.

கூடத்துக் கடிகாரத்தில் பதினொன்றே கால் ஆனபோது விளக்கு நின்றது. சிங்க் அடித்தார். முடிந்ததைச் சொல்ல உள்ளே போனார்.

"ஆயிடுச்சும்மா."

தோளைத் தொட்டார். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். வைத்தபடியே நின்றார்.

பிறகு கூடத்துக்கு வந்து, கார்டை எடுத்து ஒரு காகிதத்தில் மடித்து நெட்டையிடம் கொடுத்தார்.

"அக்கா வேற ஏதாச்சும் சொன்னாங்களாண்ணே?"

"எதுவும் எழுத முடியாதுன்னு சொன்னா. தாங்குமாம்."

"தெய்வம்ணே அவங்க. சாயங்காலம் வந்து பார்க்கறேன்." பைக் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை அவர் வாசலிலேயே நின்றார்.

வழக்கமாக வரும் நர்ஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். நாடி பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள், அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். அப்புறம் பையிலிருந்து இறப்புப் படிவத்தை எடுத்தாள்.

"எத்தனை மணிக்குங்க?"

அவர் கூடத்துப் பக்கம் பார்த்தார்.

"பக்கத்துல இருந்தீங்கதானே? தோராயமாச் சொன்னாப் போதும்."

"பதினொண்ணே கால்" என்றார்.

அவள் குனிந்து எழுதினாள். ஜன்னல் வெயில் கட்டிலில் ஏறி முகத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டார்.