பத்தாம் நாள் விசாரிப்பு

“அவளுக்கென்ன மேடம், நல்லாத்தான் இருக்கா” என்றார் போனில் கணவர். டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறையில் உட்கார்ந்து இப்படி விசாரிப்பதுதான் என் வேலை. சிசேரியன் ஆனவர்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினாலும் ஒரு குறையும் வராது என்று எங்கள் பெரிய டாக்டர் நிரூபித்துக்கொண்டிருந்தார். முடிவு முதலிலேயே தயார், அதற்குப் பொருத்தமான நோயாளிகள் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. அவரை நாங்கள் மைக் டாக்டர் என்போம். பிரசவ வார்டில் அவரைப் பார்ப்பது அபூர்வம், மேடையில் பார்க்காமலிருப்பது அதைவிட அபூர்வம். பத்தாம் நாள் வீட்டுக்கு போன் செய்து தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வேண்டும், போனை யார் எடுத்தாலும் அந்தப் பதிலே போதும் என்பது அவர் வகுத்த விதி. எடுப்பவர்கள் கணவன்மார்கள். பெண்டாட்டியின் வயிற்றைப் பற்றி இவ்வளவு திட்டவட்டமாகத் தெரிந்த ஆண்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று ஒருவர், பேச்சுக்குக்கூட, சொன்னது கிடையாது.

இவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு வழக்கம்போல போனை வைத்திருப்பேன். ஆனால் டிவிக்குப் பின்னால் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டிவிட்டது, யாரும் தூக்கவில்லை. பெற்றவள் எழுந்து வர முடியாமல் கிடக்கிறாளோ என்று தோன்றியது.

“போனை அவங்ககிட்ட குடுங்க.”

“எதுக்கு மேடம்? அதான் நானே சொல்றேனே.”

“தையல் உங்க வயித்துலயா போட்டோம்?”

கொஞ்ச நேரம் ஏதோ முணுமுணுப்பு. பிறகு அவள் வந்தாள். “அக்கா” என்றாள், முகம் தெரியாத என்னை. “நேத்துலேர்ந்து குளிர் தூக்கித் தூக்கிப் போடுது. தையல்லேர்ந்து ஏதோ வடியுது. நாத்தம் தாங்கல. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு இவர் சொல்றாரு.”

“நீ பேசாத, தெம்பை வச்சுக்கோ. இப்பவே கிளம்பி எமர்ஜென்சிக்கு வந்துடு. அவர்கிட்ட போனைக் குடும்மா.”

அந்த மனிதரிடம் நான் சொன்னதெல்லாம் எந்த விதியிலும் இல்லை. ஆனால் டிவி நின்றது.

என் சத்தம் கேட்டு மைக் டாக்டர் எட்டிப் பார்த்தார். பக்கத்து அரங்கில் கருத்தரங்கு, கோட்டு சூட்டில் மாப்பிள்ளை போல இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“புருஷன் முதல்ல என்ன சொன்னார்?”

“அவ நல்லா இருக்கான்னார்.”

“அப்ப அதுதான் பதில். வந்த பதிலை மாத்தினா அது ஆராய்ச்சியா?”

“பொண்ணு உயிர் போற மாதிரி கெடக்கா சார்.”

“வரட்டும், பார்ப்போம். அது புதுக் கேஸ். இதுல சேராது.”

எனக்குக் கோபம்கூட வரவில்லை. சாப்பாட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் வருமே, அதுதான் வந்தது. அவள் பிழைத்தாலும் செத்தாலும் மாலையில் மேடையில் இவருக்குக் கைதட்டல் உறுதி. அவள் வயிற்றை அறுத்தவரும் இவரேதான்.

அவளை ஆட்டோவிலிருந்து நானும் வாட்ச்மேனுமாகத் தாங்கி இறக்கினோம், கணவர் குழந்தையோடு பின்னால் வந்தார். தொட்ட இடமெல்லாம் கொதித்தது. அவசரப் பிரிவு டாக்டர், இருபத்தைந்து வயதுப் பெண், கட்டைப் பிரித்ததும் முகம் மாறி நர்ஸிடம் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னாள். பிழைப்பாளா என்று கேட்டேன். “இன்னும் எதுவும் சொல்ல முடியாது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து மைக் டாக்டர் வெளியூர் விருந்தாளிகள் இருவருக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வந்தார். விருந்தாளி ஒருவர் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்றுவிட்டதால் அவரும் நிற்க வேண்டியதாயிற்று. மேடைக் குரலை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“எப்படிம்மா இருக்கீங்க? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

“இல்ல சார்” என்று ஆரம்பித்தார் கணவர். “அவ நல்லாத்தான்…”

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையை அவள் தூக்கினாள். குழாய் ஆட, அது மெல்ல மேலே போய், கணவரின் வாயைப் பொத்தியது. அப்படியே வைத்துக்கொண்டு, காய்ந்த உதட்டை நாக்கால் ஈரப்படுத்தினாள்.