ஹீட்டர் இல்லாத கண்ணாடி வீடு

என் மகள் தன் கையால் விதைத்து முளைக்க வைத்த மலைச்செடிகள் ஆறும் அவள் மாமனார் வீட்டில் அழுகிச் செத்தன. தோட்டச் சங்கக் கூட்டத்தில் நாற்பது பேர் நடுவே சம்பந்தி சிரித்துக்கொண்டே சொன்னார்: "என் மருமகளுக்கு ராசியில்லாத கை. அவங்க பரம்பரையே அப்படி." மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படித் தலை குனிந்ததில்லை.

மறுநாளே தச்சரை வரவழைத்தேன். பழைய ஜன்னல் சட்டங்களை வைத்து, ஆறடிக்கு எட்டடியில் ஒரு கண்ணாடி வீடு.

"ஹீட்டருக்கு வயர் எந்தப் பக்கம் விடணுங்க?"

"ஹீட்டர் கிடையாது. கூரையில ரெண்டு, கீழ ரெண்டு திறப்பு வைங்க. குளிர்லயும் திறந்தேதான் கிடக்கும்."

"மூடவே மாட்டீங்கன்னா கண்ணாடி எதுக்குங்க? பேசாம குடை பிடிச்சிரலாமே!"

"குடைதான்யா இது. இந்தச் செடிக்குக் குளிர் ஆகும், ஈரம் ஆகாது. சூடு ஆகவே ஆகாது."

சம்பந்தியின் கண்ணாடி வீட்டில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும். செடிகளைக் கொன்றது அதுதான். மகள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேசையில் மணல் பரப்பி, சட்டிகளைக் கழுத்துவரை புதைத்தேன். மகள் மிச்சம் வைத்திருந்த விதைகள்தான். இரண்டாம் குளிர்காலத்தின் நடுவிலேயே சட்டி விளிம்பே தெரியாமல் நீலமாகப் பூத்தன.

கேள்விப்பட்டு சம்பந்தி வந்தார். ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தார்.

"ஒரு சட்டி குடுங்களேன், சம்பந்தி."

"தாராளமா. ஆனா என் மக கை இதுல படக் கூடாது. ராசியில்லாத கை பாருங்க. நீங்களேதான் பாத்துக்கணும்."

"எப்படி வெச்சுக்கணும்?"

"உங்களுக்கா சொல்லித் தரணும்? உங்க வழக்கப்படியே வைங்க."

இருப்பதிலேயே நன்றாகப் பூத்த சட்டியைக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

மூன்றாம் வாரம் மகள் போன் செய்தாள். செடி நடுவிலிருந்து அழுகிக் குழைந்துவிட்டதாம்.

"தெரிஞ்சேதானேப்பா குடுத்தீங்க? என்கிட்ட சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன்."

"அதனாலதான் சொல்லல."

"மாமா ஹீட்டர நிறுத்திட்டார். இனிமே நீயே பாத்துக்கம்மான்னு எல்லாத்தையும் என்கிட்ட விட்டுட்டார். போதும்பா."

"வீட்டுக்குள்ள சொன்னா எப்படிம்மா போதும்? அடுத்த மாசம் சங்கக் கூட்டம் இருக்கு. முன்வரிசையில உக்காந்திருப்பேன்னு அவர்கிட்ட சொல்லு."